வலது காலின் சத்தம்

டெ மாயின், அயோவா
1953 ஜூலை 11

எம்மெட் கார்வருக்கு,

நான் ரூடி ஹாவ்லிக். இது என் கையெழுத்து இல்லை, இங்கே இருக்கும் நர்ஸம்மா எழுதித் தருகிறார். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டை அவிழ்த்தால் டாக்டர் இரண்டு பேராக வந்து நிற்கிறார், ஒருவரையே தாங்க முடியவில்லை. கெட்ட வார்த்தை எதையும் எழுத மாட்டேன் என்று நர்ஸம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கடிதம் நான் நினைப்பதைவிட மரியாதையாக இருக்கும்.

மில்பர்க் பேஸ்பால் அணிக்கு ஏழு வருடமாக நான்தான் கேட்சர். ஜூலை நான்காம் தேதி உங்கள் ஹார்லோ ஆள் எறிந்த பந்து என் இடது பொட்டில் பட்டது. அடுத்த திங்கட்கிழமையே எங்கள் மேலாளர் ரைலி உன்னை ஹார்லோ அணியிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நேற்று ஆரஞ்சுப் பழத்தோடு வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "ரூடி, அந்தப் பையன் சும்மா ஒட்டுத்துணி மாதிரிதான். நீ எந்திரிச்சு வர்ற வரைக்கும் ஓட்டணுமில்ல?" சரி, பிளேட்டுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்க ஒருவன் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அயோவாவில் இத்தனை ஊர் இருக்க, என் மண்டையை உடைத்த ஊரிலிருந்தா ஆள் பிடிக்க வேண்டும்?

திருமதி ஓல்சன் வீட்டு மாடியில் ஆட்டக்காலத்தில் நான் தங்கும் அறையைத்தான் உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று என் மனைவி லியோனா சொன்னாள். படு. ஆனால் உடைமாற்றும் அறையில் கொக்கியில் தொங்கும் என் கையுறையைத் தொடாதே. அது என் கைக்குப் பழகியது.

எங்களுக்குப் பந்து எறிகிற பிட்சர் ஆர்வில் கிழவன் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன் உன்னைப் படுத்திவிடுவான். எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று நீ விரலால் காட்டும் முதல் சைகைக்கு எப்போதும் தலையாட்டி மறுப்பான். பிறகு அதையே மறுபடி காட்டு, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல ஒத்துக்கொள்வான்.

இனி நான் கேட்க வந்தது. அன்று காலை ஓல்சன் வீட்டில் முட்டை சாப்பிட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு இந்தக் கட்டில்தான். நடுவில் ஒன்றுமே இல்லை. எங்கள் ஆட்களைக் கேட்டால் "விடு ரூடி, இப்ப எதுக்கு அது" என்கிறார்கள். எனக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் குந்தியிருந்தவன் நீ. உன்னைவிடக் கிட்டத்தில் யாரும் இல்லை. என்ன நடந்தது என்று எனக்குச் சொல்.

ரூடி ஹாவ்லிக்


மில்பர்க்
1953 ஜூலை 15

மதிப்பிற்குரிய திரு. ஹாவ்லிக்,

உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

உங்கள் கையுறையை நான் தொடவில்லை. அதை யாரும் எடுக்காமலிருக்க அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறேன். இப்போது அது இன்னும் பயமாகத் தெரிகிறது.

ஆர்வில் விஷயம் அப்படியே பலித்தது. சைகையை இரண்டாம் முறை காட்டியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னிங்ஸ் முடிந்து வந்தபோது, "ரூடி சொல்லிக் குடுத்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இங்கே எல்லாரும் என்னிடம் நன்றாகத்தான் நடந்துகொள்கிறார்கள். இருந்தாலும் ஒன்றை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்சர் உடம்புக்கு ஆகிற சட்டை இந்த அணியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். எட்டாம் எண். நீங்கள் அன்று போட்டிருந்தது. திருமதி ஓல்சன் அதை உப்புப் போட்டு ஊறவைத்து, எலுமிச்சை தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டுக் கொடுத்தார். "போயிடுச்சு பாரு, சுத்தமா போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். காலருக்கு உள்பக்கம் இன்னும் இருக்கிறது. வேர்த்தால் தெரிகிறது.

மெத்தையில் உங்கள் உடம்பு அழுந்திய பள்ளம் இருக்கிறது. ஓரமாகப் படுத்தாலும் விடிவதற்குள் அதற்குள் உருண்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அது அன்றைய இரண்டாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். எறிந்தவன் லைல். நான் நடுவில் குந்தியிருந்தேன். உங்களுக்கு எட்டாமல் வெளிப்பக்கம் எறியச் சொல்லித்தான் சைகை கொடுத்தேன். பந்து அவன் கையிலிருந்து வழுக்கிவிட்டது. வெயில், வியர்வை. லைல் கெட்டவன் இல்லை. அன்று பேருந்தில் திரும்பும்போது வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு வந்தான். வேறொன்றும் நடக்கவில்லை.

சீக்கிரம் குணமாகி உங்கள் இடத்துக்கு வரவேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

தங்கள்
எம்மெட் கார்வர்


லியோனாவின் அப்பா பண்ணை
ஜூலை 26

எம்மெட்,

இது என் சொந்தக் கை. கோடு மேலும் கீழும் போனால் கண்டுகொள்ளாதே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். இங்கே மாடுகளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு.

சட்டை விஷயம் எழுதியிருக்க வேண்டாம். ஆனாலும் எழுதினாய், மற்றவர்கள் யாரும் எனக்கு எதையும் சொல்வதில்லை. அதனால் உன்மேல் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தான்.

நீ சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். நடுவில் குந்தியிருந்தாய், வெளிப்பக்கம் சைகை, பந்து வழுக்கியது. சரி. ஆனால் ஒன்று இடிக்கிறது. அந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு துண்டு திரும்பி வந்திருக்கிறது. காட்சி இல்லை, சத்தம் மட்டும். எனக்குப் பின்னால் ஆணிச் செருப்பு மண்ணில் சர்ரென்று இழுபடுகிற சத்தம். கேட்சரின் வலது கால் வெளிப்பக்கமாக நகர்கிற சத்தம். பதினைந்து வருடம் குந்தியவன் நான், அது எந்தக் கால், எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தூக்கத்தில்தான் கேட்கிறது இப்போது. பகலிலும் கேட்கிறது. நேற்று லியோனா சமையலறையில் நாற்காலியை இழுத்தாள், நான் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டேன். அவள் குனிந்து பொறுக்கினாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மைத்துனன் களஞ்சியத்துக்குப் பின்னால் எனக்குப் பந்து எறிகிறான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீ காலை நகர்த்தினாயா, எம்மெட்? நகர்த்தியிருந்தால் தப்பு ஒன்றும் இல்லை. வெளிப்பக்கம் பந்து கேட்டால் நகரத்தானே வேண்டும். எனக்குக் கேட்டது நிஜமா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இடதுகை ஆட்டக்காரர்கள் வந்தால் ஆர்வில் மணிக்கட்டைத் தளர்த்தி எறிவான், பந்து தரையில் விழும். முழங்காலை முதலிலேயே இறக்கி வை.

ரூடி


மில்பர்க்
ஆகஸ்ட் 1

அன்புள்ள திரு. ஹாவ்லிக்,

முழங்கால் யோசனைக்கு நன்றி. நேற்று இரண்டு பந்தை அதனால்தான் தடுத்தேன்.

அணி பத்து ஆட்டத்தில் ஏழு ஜெயித்திருக்கிறது. நான் நன்றாக ஆடுகிறேன் என்று ரைலி சொல்கிறார். ஹார்லோவில் நான் இரண்டாவது கேட்சர், பெரிய ஆளுக்கு ஓய்வு வேண்டும்போது மட்டும் உள்ளே போவேன். இங்கே தினமும் ஆடுகிறேன். இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்று ஒரு பந்தை வேலிக்கு அடித்துவிட்டு ஓடினேன், மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து, "அப்படிப் போடு ரூடி!" என்று கத்தினார். பக்கத்திலிருந்தவர்கள் அவரை இழுத்து உட்கார வைத்தார்கள். திருமதி ஓல்சனும் இரண்டு முறை என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டார். நான் திருத்தவில்லை, கூப்பிட்டதுமே அவர் முகம் வாடிவிட்டது.

என்னை இங்கே கொண்டுவந்த ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியுமா? எனக்குப் பதிலாக ஹார்லோவுக்கு யாரையும் இன்னும் கொடுக்கவில்லை. தாளில் என் பெயருக்கு எதிரே "பெயர் பிறகு சொல்லப்படும் ஆட்டக்காரர் ஒருவர்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இது எங்கும் வழக்கம்தான். செப்டம்பர் ஏழு, தொழிலாளர் தினத்துக்குள் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் இங்கே பெஞ்சில் இருக்கிற ஒவ்வொருவரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், எனக்கு விலை அவர்களில் யாரோ ஒருவர் என்பதால்.

கால் சத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் காலை நகர்த்தவில்லை. நன்றாக நினைவிருக்கிறது. ஒருவேளை அது அம்பயராக இருக்கலாம். அவர் கொஞ்சம் பருமன், எனக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து நிற்பார். அல்லது அடிபட்ட தலைக்கு அப்படித் தோன்றுவது உண்டு என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது.

தயவுசெய்து அதையே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

தங்கள்
எம்மெட்


பண்ணை
ஆகஸ்ட் 10

எம்மெட்,

உன் கடிதம் வந்தபிறகு டாக்டரிடம் போனேன். அவரும் நீ சொன்னதையே சொன்னார். "அடி பட்ட மூளை, கேக்காததக்கூட கேட்ட மாதிரி வச்சுக்கும், ஹாவ்லிக். அத நம்பாதீங்க." அப்படியானால் சரி. கால் நகரவில்லை. நீ நடுவில் இருந்தாய். என் காது பொய்.

அது பொய் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குப் புரிகிறதா? நான் பிளேட்டின்மேல் சாய்ந்து நின்றேன் என்று ரைலியே சொல்கிறார். என் தலைக்கு நேராக வந்த பந்துக்கு நான் விலகவே இல்லையாம், அதை எதிர்கொண்டு போனதுபோல இருந்ததாம். ஒரு காரணமும் இல்லாமல் ஒருவன் அப்படிப் போவானா? பார்வை மங்கியிருக்க வேண்டும். அல்லது உறைந்துபோயிருக்க வேண்டும். அடிபடுவதற்கு முன்பே நான் முடிந்துபோயிருக்கிறேன், ஊருக்குத்தான் ஜூலை நான்காம் தேதி தெரிந்தது.

களஞ்சியத்துக்குப் பின்னால் நடப்பதைச் சொல்கிறேன். இரட்டைப் பார்வை போய்விட்டது. பந்து ஒன்றாகத்தான் வருகிறது, நூல் தையல்கூடத் தெரிகிறது. மைத்துனன் பால் கறக்கிறவன், அவன் எறிவது பந்து என்று சொல்லவே கூசும். ஆனாலும் அவன் கை மேலே போனதும் எனக்குள் அந்தச் சத்தம் கேட்கிறது, என் கால்கள் தாமாகப் பின்னால் ஓடுகின்றன. நான் ஓடுவதில்லை, கால்கள் ஓடுகின்றன. இருபது பந்துக்கு இருபது முறை. "மாமா, இன்னும் மெதுவா போடட்டுமா?" என்று கேட்டான். மட்டையைக் கீழே போட்டுவிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அழுதேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, உன்னிடம் சொல்கிறேன்.

பந்துக்குப் பயந்தவன் என்ற பெயரைவிட எனக்கு வேறு என்ன பெயர் வேண்டுமானாலும் வரட்டும் என்று நினைத்து வளர்ந்தவன் நான். இப்போது அந்தப் பெயர்தான்.

தானியக் கிடங்கில் எடை பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறதாம். லியோனா ஒரு வாரமாக அதைப் பற்றிப் பேசாமல் பேசுகிறாள். இருபதாம் தேதி போய்ச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு ரைலிக்கு எழுதிவிடுவேன்.

கொக்கியிலிருந்து கையுறையை எடுத்துக்கொள். தொங்கவிட்டால் தோல் காய்ந்துவிடும். உனக்குத் தருகிறேன். இந்த ஒரு மாதத்தில் என்னிடம் ஒளிக்காமல் பேசியவன் நீ ஒருவன்தான்.

ரூடி


மில்பர்க்
ஆகஸ்ட் 14

ரூடி அவர்களுக்கு,

கையுறையை எடுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தால் ஏன் என்று தெரியும்.

நான் காலை நகர்த்தினேன்.

உங்கள் காது பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், இரண்டு முறை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று முதல் ஆட்டத்தில் நீங்கள் மட்டையோடு நின்றபோது, பந்து வருவதற்கு முன் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தீர்கள். கேட்சர் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று பார்த்தால் பந்து எங்கே வரும் என்று தெரிந்துவிடும். நீங்களே கேட்சர் என்பதால் உங்களுக்கு அரைப் பார்வை போதும். இரண்டு முறை பார்த்தீர்கள், இரண்டு முறையும் அடித்தீர்கள். எங்கள் பெஞ்சு கொதித்துப்போயிருந்தது. இரண்டாவது ஆட்டத்துக்கு என்னை உள்ளே அனுப்பும்போது எங்கள் மேலாளர் சொன்னார்: "அவன் எட்டிப் பாக்குறான்டா. பாத்துக்கட்டும். வேற எதையாவது காட்டு." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். எங்கும் செய்வதுதான்.

உள்பக்கம், உங்கள் உடம்பை ஒட்டி நெஞ்சு உயரத்துக்கு எறியச் சொல்லி லைலுக்குச் சைகை கொடுத்தேன். பிறகு வலது காலை வெளிப்பக்கமாக இழுத்தேன், மண்ணில் நன்றாகத் தேய்த்து, நீங்கள் பார்க்காவிட்டாலும் கேட்கும்படி. நீங்கள் நம்பினீர்கள். வெளிப்பக்கம் வரும் பந்துக்காகச் சாய்ந்தீர்கள். லைலின் பந்து நான் கேட்டதைவிட ஓர் அடி மேலே வந்தது. நீங்கள் உறையவில்லை. பயப்படவில்லை. உங்கள் பார்வையில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் போனது நான் போகச் சொன்ன இடத்துக்கு.

அந்தச் சத்தம் எனக்கும் கேட்கிறது. ஆணிச் செருப்பு இழுபடுவது முதலில், அடுத்தது மற்றது. அந்த இரண்டாவது சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை என்பதற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

நான் நல்லவன் ஆகிவிட்டதால் இதை எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்று காலை ரைலி என்னைக் கூப்பிட்டார். ஒப்பந்தத்துக்குப் பெயர் சொல்லியாகிவிட்டதாம். "ரூடிய குடுத்துட்டேன்டா. ஓடாத வண்டிய கொட்டகையில வச்சு என்ன பண்ண? ஹார்லோக்காரனுக்கு அவன் பேரு போதும், நாலு டிக்கெட்டாவது விக்கும்" என்று சிரித்தார். எனக்கு விலை நீங்கள், ரூடி. உங்களுக்குக் கடிதம் இரண்டு நாளில் வரும். நீங்கள் ஹார்லோவுக்குப் போனால் லைலைப் பார்ப்பீர்கள். சைகை வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம் என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். இந்தப் பயம் இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேனா? உங்கள் போன கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்கச் சும்மா இருந்தேன். அதுதான் உண்மை.

நீங்கள் திரும்பி வராவிட்டால் இந்த இடம் எனக்கு நிலைக்கும். அதுவும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

எம்மெட் கார்வர்


ஹார்லோ
ஆகஸ்ட் 30

எம்மெட்,

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன். முதல் வாரம் எழுதியிருந்தால் தபால்காரர் அதைத் தொட மறுத்திருப்பார்.

உன் கடிதமும் ரைலியின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. ரைலியுடையது நான்கு வரி. ஏழு வருடத்துக்கு நான்கு வரி. அதை அடுப்பில் போட்டேன். உன்னுடையதை லியோனாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கேட்டாள்: "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா இவனுக்கு என்ன?" உன்னிடம் பதில் இருந்தால் அவளுக்கு எழுது.

பிறகு களஞ்சியத்துக்குப் பின்னால் போனேன். மைத்துனனை எழுப்பி எறியச் சொன்னேன். சத்தம் கேட்டது, அது நிஜச் சத்தம், நிஜமாக ஒருத்தன் இழுத்த கால் என்று சொல்லிக்கொண்டு நின்றேன். இருபதில் ஏழு முறை நின்றேன். மறுநாள் பதினொன்று. தானியக் கிடங்குக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு இங்கே பேருந்து ஏறினேன். லியோனா என்னோடு பேசுவது இல்லை, ஆனால் என் பையில் சாண்ட்விச் வைத்திருந்தாள்.

இப்போது லைல் பற்றி. முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது. இங்கே அவன் பந்தைப் பிடிக்கிறவன் நான், நினைத்துப் பார். அவனால் உள்பக்கம் எறியவே முடியவில்லை. நான் உள்பக்கம் சைகை காட்டினால் பந்து வெளியே ஒரு முழம் போகிறது. ஒரு நாள் குளித்துவிட்டு வரும்போது நேராகக் கேட்டேன்: "அன்னைக்கு எம்மெட் என்ன சைகை குடுத்தான்?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வெளிப்பக்கம்தான் ரூடி. என் கைதான் வழுக்கிடுச்சு. அவன் மேல ஒண்ணுமில்ல" என்றான்.

புரிந்ததா உனக்கு? நீ பயந்தது வீண். அவன் என்னிடம் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டான். உனக்காக எல்லாரிடமும் பொய் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதை அவனே நம்பிவிட்டான். நீ என்னிடம் பழியை அவன் கையில் போட்டாய், அவன் கேட்காமலே ஏந்திக்கொண்டான். அவனுக்கு உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மறுபடியும் வாந்தி எடுத்தான். ஆனால் அடுத்த நாள் உள்பக்கம் இரண்டு பந்து எறிந்தான்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். நான் எட்டிப் பார்த்தேன். நினைவில்லை, ஆனால் பார்த்திருப்பேன், ஏழு வருடமாகப் பார்த்தவன்தானே. திருடினேன், பொறியில் மாட்டினேன். நீ பொறி வைத்ததற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். என் காதைப் பொய் என்று சொல்லி ஒரு மாதம் என்னை என்னிடமிருந்தே பிரித்து வைத்தாயே, அதை மன்னிக்க முயற்சி செய்கிறேன், முடியவில்லை.

தொழிலாளர் தினத்தன்று மில்பர்க்கில் ஆட்டம். நான் மட்டை பிடிப்பேன், நீ பின்னால் இருப்பாய். அங்கே நான் ஓடிவிட்டால் இங்கே மேலாளர் என்னை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ள மாட்டார், சொல்லிவிட்டார். அதற்காக என்மேல் இரக்கப்பட்டு ஏதாவது செய்தால் உன் பல்லைப் பெயர்த்துவிடுவேன். உன் ஆட்டத்தை ஆடு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், அது முடிந்துவிட்டது. காதை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரூடி


மில்பர்க்
செப்டம்பர் 8

ரூடி,

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அங்கே இருந்தீர்கள். ஆனாலும் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். ஆட்டம் முடிந்து உங்கள் பேருந்து வரைக்கும் வந்தேன். லைல் சன்னல் வழியாகக் கை காட்டினான். நீங்கள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நீங்கள் முதல் முறை மட்டையோடு வந்தபோது ஊரே எழுந்து நின்று கைதட்டியது. ஹார்லோ சட்டையில் இருந்த உங்களுக்கு மில்பர்க் கைதட்டியது. நீங்கள் தொப்பியைத் தொட்டீர்கள், என்னைப் பார்க்கவில்லை. உங்கள் பொட்டில் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. அதற்கு இரண்டடி பின்னால் நான் உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தேன்.

முதல் மூன்று முறையும் என் காலை அசைக்கவே இல்லை. பந்து எங்கே கேட்டாலும் நடுவில் குந்தி, கையை மட்டும் நீட்டிப் பிடித்தேன். இரண்டு பந்து தவறியது. ஆர்வில் மைதானத்தின் நடுவிலிருந்து இறங்கி வந்து, "என்னடா, கால்ல ஆணி அடிச்சு வச்சிருக்கா? நகருடா!" என்று திட்டினார். உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் மூன்று முறையும் நின்றீர்கள், ரூடி. ஒருமுறை உள்பக்கம் வந்த பந்து உங்கள் முழங்கையை உரசிக்கொண்டு போனது, அப்போதும் நின்றீர்கள். எனக்குத்தான் கண்ணை மூட வேண்டும்போல இருந்தது.

ஒன்பதாவது இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னால். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் பேஸில், இரண்டு பேர் அவுட், உங்கள்மேல் இரண்டு ஸ்ட்ரைக், இன்னும் ஒன்று விழுந்தால் நீங்களும் அவுட், ஆட்டமும் முடிந்தது. ஆர்விலின் மெதுவான வளைபந்தை வெளிப்பக்க ஓரத்தில் கேட்டேன். வழக்கம்போல மறுத்தார், மறுபடி காட்டினேன், ஒத்துக்கொண்டார். அந்தப் பந்தை நகராமல் பிடிக்க முடியாது, உங்களுக்கே தெரியும். சத்தமில்லாமல் நகர்ந்திருக்கலாம். செருப்பைத் தூக்கி வைத்தால் ஒரு சத்தமும் வராது. நான் தூக்கவில்லை. வலது காலை மண்ணில் இழுத்தேன், அன்று செய்தது போலவே, நன்றாகக் கேட்கும்படி. என் அணிக்குச் செய்த துரோகம் அது. பரவாயில்லை என்றிருந்தது. பந்து எங்கே வரப்போகிறது என்று உங்களிடம் ஒருமுறையாவது நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

உங்கள் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். நீங்கள் ஓடவில்லை. ஆனால் பின்காலில் சாய்ந்து, முழங்கையை மடக்கி, உள்ளே வரப்போகிற பந்துக்காக முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். பந்து ஆடி அசைந்து வெளி ஓரத்தில் வந்தது. ஏழு வருடம் நீங்கள் பிடித்த பந்து அது. மட்டை உங்கள் தோளிலேயே இருந்தது. அம்பயர் மூன்றாவது ஸ்ட்ரைக் என்று கையைத் தூக்கினார்.

எங்கள் ஆட்கள் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். அடுத்த வருடத்துக்கும் இருக்கச் சொல்லி ரைலி அங்கேயே கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அவர்கள் தோளுக்கு மேலாக உங்களைத் தேடினேன். நீங்கள் பிளேட்டின் வெளி ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தீர்கள், பந்து போன இடத்தை.

அது பொய் இல்லை, ரூடி. பந்து அங்கேதான் வந்தது. நீங்கள் நம்பவில்லை. உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

எம்மெட்